பயணியர் வாங்கிச் சென்ற நகரம்

தூரதேசம் சென்று மீள்வோர் வெறுங்கையுடன் வீடு திரும்புவது அரிது. காசிக்குச் சென்றவர் கங்கைநீர்ச் செம்பைக் கொணர்வர். தாம் கண்டதைக் காணாதார்க்குக் காட்டவேண்டும் என்னும் ஆவலும், தாம் சென்று வந்தமைக்கு ஒரு சான்று வேண்டும் என்னும் விருப்பமும் மனித இயல்பில் ஊறியவை. புகைப்படக் கருவி தோன்றுவதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இவ்விருப்பத்தை நிறைவேற்றுதற்பொருட்டு ஒரு நகரத்தில் தனியோர் ஓவியத் தொழில் செழித்து வளர்ந்தது. அந்நகரம் இத்தாலி நாட்டின் வடகிழக்கில், கடற்கழியின் நடுவே நிற்கும் வெனிஸ். அங்கே எழுதப்பட்ட நகரக் காட்சி ஓவியங்கள் கப்பலேறி ஐரோப்பாவின் பல பாகங்களுக்கும் சென்றன. எழுதினோர் பணத்துக்கு எழுதினர். வாங்கினோர் மாளிகைச் சுவரை அலங்கரிக்க வாங்கினர். ஆயினும், ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் கழிந்தபின், எழுதியவரோ வாங்கியவரோ கனவிலும் கருதாத பணிகளுக்கு அவ்வோவியங்கள் பயன்பட்டன. அவ்வரலாறு அறியத்தக்கது.

வெனிஸ் நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளின்மேல் எழுந்த நகரம். சேற்றில் அறைந்த மரக் கட்டைகளே அதன் மாளிகைகளுக்கு அடித்தளம். அங்கே வீதிகளின் இடத்தில் வாய்க்கால்கள்; வண்டிகளின் இடத்தில் கொண்டோலா என்னும் கருநிற ஓடங்கள். மத்திய காலத்தில் இந்நகரக் குடியரசு மத்தியதரைக் கடல் வாணிகத்தின் தலைவியாய் விளங்கிற்று. மலையாளக் கரையின் மிளகும் இலங்கையின் கறுவாவும் அராபிய வணிகர் வழியே அலெக்சாந்திரியாத் துறையை அடைய, அங்கிருந்து அவற்றை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்று விற்றுப் பெரும்பொருள் ஈட்டியோர் வெனிஸ் வணிகரே. 1498இல் வாஸ்கோ ட காமா ஆபிரிக்காவைச் சுற்றிக் கள்ளிக்கோட்டையை அடைந்த பின்னர் வாணிகத்தின் போக்கு மெல்ல மாறிற்று. போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கீழைக்கடல்களில் ஆதிக்கம் பெற்றனர். துருக்கியருடன் நிகழ்த்திய நீண்ட போர்களாலும் வெனிஸ் நலிவுற்றது. பதினெட்டாம் நூற்றாண்டு பிறந்தபோது அதன் கடற்படை பழம்பெருமையின் நிழலாக மாத்திரமே எஞ்சியிருந்தது. ஆனால் மாளிகைகள் நின்றன; ஆலயங்கள் நின்றன; திருவிழாக்கள் குறைவின்றி நடைபெற்றன. பண்டங்களை விற்றுப் பிழைத்த நகரம் தன் அழகைக் காட்டிப் பிழைக்கும் நிலையை அடைந்தது.

அவ்வழகைக் காண வந்தோரில் முதன்மை பெற்றோர் ஆங்கில நாட்டுச் செல்வக் குடும்பத்து இளைஞர். கல்வி முற்றுப்பெறும் பருவத்தில் பிரபுக்களின் புதல்வரை ஓர் ஆசிரியருடன் ஐரோப்பாக் கண்டத்துக்கு அனுப்பும் வழக்கம் அந்நாளில் வேரூன்றியிருந்தது. இதனைப் பெரும் பயணம் என்றே அவர்கள் வழங்கினர். பாரிஸ் மாநகரில் நடையுடை பாவனை கற்று, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, உரோமாபுரியில் பழைய இடிபாடுகளைக் கண்டு, நேப்பிள்ஸில் எரிமலையை வியந்து, வெனிஸில் களியாட்டங்களில் திளைத்து, ஓரிரு ஆண்டுகளின்பின் அவர்கள் தாயகம் மீண்டனர். நத்தாருக்கு அடுத்த நாள் தொடங்கித் தவக்காலம் பிறக்கும் வரை வெனிஸ் மக்கள் முகமூடி தரித்துக் களியாடும் விழாவும், ஆண்டவர் விண்ணேற்றத் திருநாளன்று டோஜ் எனப்படும் குடியரசுத் தலைவர் பொன்முலாம் பூசிய படகிலேறிக் கடலுள் மோதிரத்தை எறிந்து கடலை மணம்புரியும் சடங்கும் அவர்களைப் பெரிதும் கவர்ந்தன. இவற்றை எவ்வாறு ஊருக்கு எடுத்துச் செல்வது? இந்த வினாவுக்கு விடையாகவே நகரக் காட்சி ஓவியம் வளர்ந்தது.

இவ்வகை ஓவியத்துக்கு இத்தாலி மொழியில் வெடூற்றா என்று பெயர். காட்சி என்பதே அதன் பொருள். இதற்கு இத்தாலியில் வித்திட்டோருள் ஒருவர் ஒல்லாந்து தேசத்தவரான காஸ்பார் வான் விற்றல். அவர் இளமையிலேயே உரோமாபுரியை அடைந்து, 1736இல் இறக்கும்வரை இத்தாலிய நகரங்களின் உண்மைத் தோற்றங்களை நுணுக்கமாக வரைந்தார். வெனிஸில் இத்துறையைத் தொழிலாக நிலைநிறுத்தியவர் உடினே என்னும் ஊரிற் பிறந்த லூக்கா கார்லெவாரிஸ். இவர் 1703இல் வெனிஸ் நகரக் கட்டடங்களையும் காட்சிகளையும் காட்டும் 104 செப்புத்தகட்டுப் படங்களை நூலாக வெளியிட்டார். பின்வந்த ஓவியர் பலர்க்கும் அந்நூல் வழிகாட்டியாயிற்று.

இவர்கள் அனைவரையும் விஞ்சி நின்றவர் ஜோவன்னி அன்ரோனியோ கனால். 1697இல் வெனிஸில் பிறந்த இவர், தந்தையிலிருந்து வேறுபடுத்தி அறியும் பொருட்டுச் சின்னக் கனால் என்னும் பொருளில் கனலெற்றோ என அழைக்கப்பட்டார். உலகம் இன்றும் அப்பெயராலேயே அவரை அறியும். தந்தையார் பேர்ணார்டோ கனால் நாடக அரங்குகளுக்குத் திரைச்சீலை எழுதுபவர். மகனும் அத்தொழிலையே முதலிற் பயின்றார். தட்டையான சீலையில் நீண்ட மண்டபங்களும் ஆழ்ந்த வீதிகளும் தோன்றச் செய்வது எவ்வாறு என்பதை அவர் அரங்கிலேயே கற்றார் எனலாம். தந்தையாருடன் உரோமாபுரிக்குச் சென்று இசைநாடகங்களுக்குத் திரை எழுதிய அவர், 1720ஆம் ஆண்டளவில் வெனிஸ் மீண்டு, அரங்கத் தொழிலைக் கைவிட்டு, நகரக் காட்சிகளை எழுதத் தொடங்கினார்.

அவருடைய புகழ் விரைந்து பரவியது. லூக்கா நகரத்து வணிகர் ஒருவர் 1725இல் வெனிஸ் காட்சிகள் சில வேண்டித் தம் முகவரான ஓர் ஓவியரைக் கேட்டபோது, அம்முகவர் கார்லெவாரிஸை விடுத்துக் கனலெற்றோவைப் பரிந்துரைத்தார். கார்லெவாரிஸின் முறையை ஒத்ததே இவருடைய ஓவியமும். ஆனால் இதில் வெயில் ஒளிர்வதைக் காணலாம் என்பது அவர் கூறிய காரணத்தின் சாரம். கனலெற்றோவின் ஆற்றல் முழுவதையும் அச்சிறு குறிப்பு அடக்கி நிற்கிறது. காலை வெயில் எந்தச் சுவரில் விழும், மாலை நிழல் எந்தப் படியில் நீளும், வாய்க்கால் நீரில் வானம் எவ்வாறு சிதறும் என்பவற்றை அவர் உணர்ந்து எழுதினார்.

அக்காலத்தில் அவர் எழுதிய ஓர் ஓவியம் இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது. கற்றச்சர் முற்றம் என அது வழங்கும். அதில் அரண்மனையில்லை, திருவிழாவில்லை. பெருவாய்க்காலின் ஓரத்தில் ஒரு திறந்த முற்றம். அங்கே கற்களைச் செதுக்கும் தொழிலாளர். மாடத்தில் நூல் நூற்கும் பெண். சன்னல்களில் தொங்கும் துணிகள். கீழே விழுந்து அழும் குழந்தையை நோக்கி ஓடும் தாய். வாய்க்காலுக்கு அப்பால் கரித்தா மாதா ஆலயமும் அதன் மணிக்கோபுரமும் தெரிகின்றன. அக்கோபுரம் 1744இல் இடிந்து வீழ்ந்தது. பயணிக்காக அன்றித் தன் ஊராருக்காக எழுதியது போன்ற இவ்வோவியம் கனலெற்றோவின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாக இன்று மதிக்கப்படுகிறது. ஆனால் பயணியர் இத்தகைய முற்றங்களைக் கேட்டாரல்லர். தாம் நடந்த சதுக்கத்தையும் தாம் ஓடமேறிய பெருவாய்க்காலையும் தாம் கண்ட விழாவையுமே கேட்டனர். பிற்காலத்தில் அவர் அவற்றையே மீண்டும் மீண்டும் எழுத நேர்ந்தது.

பயணியருக்கும் ஓவியருக்கும் இடையில் நின்றவர் ஜோசப் ஸ்மித் என்னும் ஆங்கிலேயர். இளமையிலேயே வெனிஸில் குடியேறி வாணிகமும் வட்டித்தொழிலும் நடத்திய இவர், 1744இல் பிரித்தானிய கொன்சலாக நியமனம் பெற்றார். பெருவாய்க்காலின் கரையில் இவருடைய மாளிகை இருந்தது. வெனிஸுக்கு வரும் ஆங்கிலப் பிரபுக்கள் அங்கே விருந்துண்பர். சுவரிலே கனலெற்றோவின் ஓவியங்களைக் காண்பர். தமக்கும் அவ்வாறே வேண்டும் என்பர். ஸ்மித் கட்டளையைப் பெற்று, ஓவியம் முடிந்ததும் பொதிந்து இங்கிலாந்துக்கு அனுப்பி வைப்பார். 1735இல் அன்ரோனியோ விசென்ரினி என்பவரைக் கொண்டு, தம் வீட்டிலிருந்த கனலெற்றோவின் ஓவியங்கள் பதினான்கைச் செப்புத்தகட்டிற் செதுக்குவித்து நூலாக வெளியிட்டார். 1742இல் அது 38 படங்களாக விரிந்தது. பார்வைக்கு அது கலைநூல். பயனில் அது வணிகரின் மாதிரிப் பட்டியல். பெட்போர்ட் கோமகன் ஒருவரே 24 ஓவியங்களை வாங்கினார். அவருடைய வூபர்ன் மாளிகையில் அவை ஒரே தொகுதியாய் இடம்பெற்றன.

இத்தகைய வாணிகத்தில் மனக்கசப்பு எழாமலிருக்குமா? ஐரிஷ்காரரான ஓவன் மக்சுவினி என்னும் மற்றொரு முகவர், கனலெற்றோ விலையை அடிக்கடி மாற்றுபவர் என்று 1727இல் றிச்மண்ட் கோமகனுக்கு எழுதிய கடிதத்தில் முறையிட்டார். 1739இல் வெனிஸ் வந்த பிரெஞ்சுப் பயணி ஒருவர், ஆங்கிலேயர் கேட்ட விலைக்கு மும்மடங்கு கொடுத்து இவ்வோவியரைக் கெடுத்துவிட்டனர் என்று குறைகூறினார். ஓவியர் பக்கத்து நியாயத்தை எடுத்துரைக்க அவருடைய கடிதங்கள் கிடைத்தில. அந்நிய முகவரையும் அந்நியப் பயணியையும் நம்பியே அவருடைய அடுப்பெரிந்தது என்பதை நினைந்தால் அவர் விலையிற் கண்டிப்பாய் இருந்தமை வியப்பன்று.

இவ்வோவியங்கள் உண்மையைக் காட்டுகின்றனவா என்னும் வினா அன்றுதொட்டே எழுந்துள்ளது. கனலெற்றோ இருட்டறைப் படக்கருவி ஒன்றைப் பயன்படுத்தினார் என்று அவர் காலத்தவரே கூறினர். சிறு துளையிற் பொருத்திய ஆடி வழியே வெளிக்காட்சியின் நிழலுருவைத் தாளில் விழச்செய்யும் பெட்டியே அக்கருவி. அதன் துணையை அவர் எவ்வளவு பெற்றார் என்பதில் ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை இல்லை. ஆனால் அவருடைய குறிப்பேடு ஒன்று வெனிஸ் கலைக்கழகக் காட்சிச்சாலையில் பேணப்படுகிறது. நேரிற் கண்ட கட்டடங்களின் கோட்டுருவங்களும், சுவரின் நிறத்தையும் கடைகளையும் பற்றிய சுருக்கக் குறிப்புகளும் அதில் உள்ளன. இக்குறிப்புகளைத் தம் பணிக்கூடத்தில் வைத்துக்கொண்டு, அளவுகோலும் கவராயமும் கொண்டு தூண்களையும் வளைவுகளையும் ஈரச் சாயத்திற் கீறி, அவர் ஓவியத்தை நிறைவாக்கினார். அவ்வாறு செய்யுங்கால் வாய்க்காலின் வளைவை நிமிர்த்துவதும், இரு வேறிடங்களில் நின்று கண்டவற்றை ஒரே காட்சியாக இணைப்பதும், சதுக்கத்தைச் சிறிது அகலமாக்குவதும் அவருக்கு வழக்கம். பயணியின் கண் எதனைக் கண்டதோ அதனையன்று. பயணியின் மனம் எதனை நினைவில் வைக்க விரும்பியதோ அதனையே அவர் எழுதிக் கொடுத்தார். எனினும் தனித்தனிக் கட்டடங்களின் சன்னல்களையும் கறைகளையும் வெடிப்புகளையும் வரைவதில் அவருடைய கை பெரும்பாலும் பிறழவில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிவது வரலாற்று மாணவர்க்கு இன்றியமையாதது.

1740இல் ஒஸ்திரிய அரசுரிமைப் போர் மூண்டது. போர்க்களங்களைக் கடந்து இத்தாலிக்கு வருவோர் தொகை குறைந்தது. வாங்குவோர் வாராதபோது விற்போர் அவர்களைத் தேடிச் செல்ல வேண்டியதாயிற்று. 1746இல் கனலெற்றோ இலண்டனை அடைந்தார். அந்நாளில் தேம்ஸ் நதிக்குக் குறுக்கே வெஸ்ற்மின்ஸ்ரர் பாலம் கட்டப்பட்டு வந்தது. அப்பாலத்தையும், றிச்மண்ட் கோமகனின் மாளிகைச் சன்னல் வழியே தெரியும் நதியையும் நகரையும் அவர் எழுதினார். ஆனால் வெனிஸின் வெயிலில் பழகிய கையிலிருந்து பிறந்த இலண்டன் காட்சிகள் எல்லாரையும் மகிழ்விக்கவில்லை. இவர் மெய்யான கனலெற்றோ அல்லர், அவர் பெயரைப் பூண்டு வந்த வேறொருவர் என்னும் வதந்தியும் பரவியது. தம் பெயர்க்குத் தாமே சான்றாக நிற்கவேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது. 1749இல் செய்தித்தாளில் ஓர் அறிவித்தல் கொடுத்து, தாம் தங்கியிருந்த வீட்டுக்கு வந்து தம் ஓவியத்தை நேரிற் பார்க்குமாறு கனவான்களை அவர் அழைத்தார். ஐரோப்பா முழுவதும் பெயர்பெற்ற கலைஞர் ஒருவர் ஐம்பதைக் கடந்த வயதில் அந்நிய நாட்டில் அவ்வாறு அழைக்க நேர்ந்தமை இரக்கத்துக்குரியது.

ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் இங்கிலாந்திற் கழித்தபின் அவர் வெனிஸ் மீண்டார். பழைய செல்வாக்கு மீளவில்லை. ஸ்மித்தும் முதுமையுற்றுப் பொருள் நெருக்கடிக்கு உள்ளானார். 1762இல் தம் ஓவியங்களையும் சித்திரத் தாள்களையும் நூல்களையும் மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்கு 20,000 பவுணுக்கு விற்றார். கனலெற்றோவின் ஓவியங்கள் ஏறக்குறைய 50உம் சித்திரத் தாள்கள் 140க்கு மேற்பட்டனவும் இவ்வாறு ஆங்கில அரச குடும்பத்தின் உடைமையாயின. வெனிஸின் மாபெரும் நகரக் காட்சி ஓவியரை முழுமையாக அறியவேண்டுவோர் இன்றும் இங்கிலாந்துக்கே செல்லவேண்டும்.

தாய்நகரத்தின் கலைக்கழகம் அவரை எவ்வாறு மதித்தது? சமயக் கதைகளையும் புராணங்களையும் எழுதுவதே உயர்ந்த கலை, கண்முன் நிற்பதை எழுதுவது தாழ்ந்தது என்பது அக்கால அறிஞர் கொள்கை. அதனால் 1763ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரை உறுப்பினராக ஏற்கக் கழகம் மறுத்தது; அதே ஆண்டின் பிற்பகுதியிலேயே ஏற்றுக்கொண்டது. அதற்காக 1765இல் அவர் கழகத்துக்கு அளித்த ஓவியம் வெனிஸில் எங்கும் காணப்படாத ஒரு கற்பனை மண்டபம். மறு ஆண்டில் மார்க்கு முனிவர் பேராலயத்தில் பாடகர் பாடும் காட்சியை நுண்கோடுகளால் வரைந்து, அறுபத்தெட்டு வயதில் மூக்குக்கண்ணாடி இன்றி வரைந்தது என அதன் கீழே குறிப்பெழுதினார். 1768இல் அவர் காலமானார். விற்பனையாகாத ஓவியங்கள் சில அவர் வீட்டில் எஞ்சியிருந்தன.

அவர் இறந்து முப்பது ஆண்டு நிறையுமுன் அவர் எழுதிய குடியரசும் மறைந்தது. 1797 மே மாதத்தில் நெப்போலியனின் படைவலிமைக்குப் பணிந்து வெனிஸ் ஆட்சிமன்றம் தன்னைத்தானே கலைத்தது. டோஜ் கடலை மணம்புரியச் சென்ற பொற்படகைப் பொன்னுக்காகப் பிரெஞ்சுப் படையினர் 1798இல் எரித்தனர். அப்படகு மிதந்த திருநாட் காட்சியை இன்று கனலெற்றோவின் ஓவியங்களிலும் அவரைப் பின்பற்றிய பிரான்செஸ்கோ குவார்டியின் ஓவியங்களிலும் கண்ணாரக் காணமுடியும்.

கனலெற்றோவின் கலை மற்றொரு கிளையிலும் தழைத்தது. அவருடைய சகோதரியின் மகன் பேர்ணார்டோ பெலொற்றோ, தாய்மாமனிடமே தொழில் பயின்று, 1747இல் ஜெர்மானிய நாட்டு டிரெஸ்டன் நகருக்குச் சென்று சக்சனி அரசவை ஓவியரானார். மாமனின் பெயரையும் தம் பெயருடன் சேர்த்துக்கொண்டார். பின்னர் 1767இல் போலந்தின் தலைநகரான வார்சோவை அடைந்து, மன்னர் ஸ்ரனிஸ்லாஸ் ஒகஸ்ரின் ஆதரவில் 1780இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அரச மாளிகையின் மண்டபம் ஒன்றுக்காக வார்சோவின் வீதிகளையும் ஆலயங்களையும் மாளிகைகளையும் அவர் தொடர் ஓவியங்களாக எழுதினார். அவற்றுள் 22 இன்றும் அம்மாளிகையில் உள்ளன. அவை பயணியர்க்கு எழுதப்பட்டனவல்ல. எனினும் பயணியர்க்கென வளர்ந்த கலையே அவற்றை ஈன்றது.

அவ்வோவியங்கள் போலந்தின் துன்பங்கள் அனைத்திலும் பங்குகொண்டன. 1830இல் எழுந்த கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் ரஷியப் பேரரசர் அவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். முதல் உலகப் போருக்குப் பின்னரே அவை திரும்பின. இரண்டாம் உலகப் போரில் நாட்சிகள் அவற்றைக் கவர்ந்தனர். 1944இல் வார்சோ மக்கள் நடத்திய எழுச்சியை அடக்கிய நாட்சிப் படையினர், எஞ்சிய நகரை வீடு வீடாக எரித்தும் வெடிவைத்தும் தகர்த்தனர். பழைய நகரப் பகுதியில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் அழிந்தது. போர் முடிந்ததும் மக்கள் அவ்விடிபாடுகளுக்கே திரும்பினர். நகரை முன்பிருந்தவாறே எழுப்பத் துணிந்தனர். போருக்கு முன் கட்டடக்கலை மாணவர் எடுத்துவைத்த அளவுப்படங்கள் அவர்களுக்குத் துணைநின்றன. அவற்றுடன், மீட்கப்பெற்ற பெலொற்றோவின் ஓவியங்களும் துணைநின்றன. சன்னலின் வடிவம் யாது, கூரையின் சரிவு எவ்வளவு, சுவரின் அணிவேலை எத்தகையது என்னும் ஐயங்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முந்திய ஓவியர் விடையளித்தார். அவரும் மாமனைப் போலவே அழகு கருதிச் சிலவற்றை மாற்றியவர். ஆதலால் அவர் செய்த அலங்காரங்களும் சிற்சில இடங்களிற் கல்லில் உருப்பெற்றன. வார்சோவின் பழைய நகரை 1980இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 1971இல் மீள எழுப்பத் தொடங்கிய அரச மாளிகை 1984இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஓவியங்களும் தம் பழைய மண்டபத்தை அடைந்தன.

வெனிஸ் ஓவியங்களுக்கும் அண்மைக் காலத்தில் எதிர்பாராத ஒரு பணி வாய்த்தது. வாய்க்காலோரச் சுவர்களில் கடல்நீர் ஏறும் உயரம் வரை பாசி படர்ந்து ஒரு பச்சைக் கோட்டைக் காட்டும். கனலெற்றோவும் பெலொற்றோவும் அக்கோட்டையும் விடாது எழுதியிருந்தனர். வெனிஸில் கடல்மட்டத்தை ஒழுங்காக அளக்கும் வழக்கம் 1872ஆம் ஆண்டளவிலேயே தொடங்கிற்று. அதற்கு முந்திய நிலையை அறிய வழியில்லாதிருந்தது. இத்தாலிய விஞ்ஞானி டாரியோ கமூபோவும் அவருடைய துணைவரும் ஓவியங்களில் உள்ள பாசிக்கோட்டை, இன்றும் நிற்கும் அதே கட்டடங்களின் பாசிக்கோட்டுடன் ஒப்பிட்டனர். நிலம் தாழ்ந்ததாலும் கடல் உயர்ந்ததாலும் ஓவியர் காலத்துக்குப்பின் நீர் ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் ஏறியுள்ளது என்பது அவர்கள் கண்ட முடிவு. அன்று படகிலிருந்து இறங்கிய கற்படிகள் பல இன்று நீருள் மூழ்கிக் கிடப்பதன் காரணம் இதுவே. 1966 நவம்பரிலும் 2019 நவம்பரிலும் பெருவெள்ளத்தாற் கலங்கிய அந்நகரம், 2020 ஒக்டோபரிலேயே கடல்வாயிலை அடைக்கும் இரும்புத் தடுப்புகளை முதன்முறையாக உயர்த்தி வெள்ளத்தைத் தடுத்தது. அத்தகைய தடுப்பின் தேவையை உணர்த்தும் சான்றுகளுள் ஒன்றாக, ஆங்கிலப் பிரபுவின் உணவுக்கூடத்துக்கென எழுதிய ஓவியமும் இடம்பெறுகிறது.

சுவரின் அடியிற் படர்ந்த பாசியை எழுதுமாறு எந்தப் பயணியும் கேட்டிருக்கமாட்டான். அதனை விட்டிருப்பின் ஓவியத்தின் விலை ஒரு காசும் குறைந்திராது. சதுக்கத்தை அகலமாக்கவும் வாய்க்காலை நிமிர்த்தவும் தயங்காத அதே கை, அந்தப் பாசியை மாத்திரம் இருந்தவாறே எழுதி வைத்தது. கல்வியறிஞர் தாழ்ந்தது என ஒதுக்கிய அந்தத் தொழிற்பழக்கமே, கண்முன் உள்ளதை உள்ளவாறு குறிக்கும் அப்பழக்கமே, ஒரு நகரம் மீண்டெழத் துணைநின்றது. மற்றொரு நகரம் தனக்கு வரும் இடரை அளந்தறியவும் துணைநின்றது.